பிரேக் ஆயில் என்றொரு சொல்: அம்பாசடர் காரும் அதன் வீட்டுப் பராமரிப்பும்

2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் கார் உற்பத்தி நின்றபோது இரங்கல் கட்டுரைகள் நிறைய வந்தன. சிவப்பு விளக்கு சுழலும் வெள்ளை அரசு வண்டி, கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சி, பின் இருக்கையில் ஐந்து பேர் நெருங்கி அமர்ந்து போன கல்யாணப் பயணம் என்று எல்லாம் எழுதப்பட்டன. ஹாரனைத் தவிர மற்ற எல்லாப் பாகமும் சத்தம் போடும் என்ற பழைய நகைச்சுவையும் தவறாமல் இடம்பெற்றது. அந்த வண்டியை அரை நூற்றாண்டுக்கு மேலாக யார் நிற்கவும் திரும்பவும் வைத்தார்கள், எந்த அறிவைக் கொண்டு வைத்தார்கள் என்று மட்டும் அக்கட்டுரைகள் கேட்கவில்லை. ஓடாத கார் வீட்டு வாசலில் கிடந்தால் யாருக்கும் கேடில்லை. நிற்காத காரும் திரும்பாத காரும் ஆளைக் கொல்லும். ஆகவே ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குள் செல்கிறேன். மொழியியல் படித்ததால் வந்த பழக்கம், என் பார்வை இயந்திரத்தைவிட அதைச் சுற்றியுள்ள சொற்களின்மேல் அதிகம் போகும். இந்தக் கதையில் ஒரு சொல் பலருடைய பிரேக்கைக் கெடுத்திருக்கிறது என்பதால் அந்தப் பார்வைக்கும் நியாயம் உண்டு.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிர்லா குழுமத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டனின் மாரிஸ் கார்களை வேறு பெயர்களில் செய்து விற்றது. 1953-இல் சுங்கவரி ஆணையம், இந்தியாவிலேயே படிப்படியாகப் பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இங்கே இடம் என்று பரிந்துரைத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தி விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியச் சாலைகளில் புதிய கார் என்றால் மூன்றே குடும்பங்கள்தான். உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆலை செய்த ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரின் ஸ்டாண்டர்ட். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையைப் பிரிட்டன் 1959-இல் கைவிட்டது. அதே உடலும் அதே அடிப்பாகமும் ஹூக்ளிக் கரையில் மேலும் 55 ஆண்டுகள் பிறந்துகொண்டிருந்தன.

உரிமங்களும் ஒதுக்கீடுகளும் இருந்த அக்காலத்தில் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை நாம் வாங்கும் அனுபவமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் மறுபக்கம் பராமரிப்பு. எட்டாண்டு காத்திருந்து வாங்கிய வண்டியை எட்டாண்டில் விற்றுவிட்டு இன்னொன்று வாங்க முடியாது. அப்பா வாங்கியதை மகன் ஓட்டினான். இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே வண்டி. ஆக, இன்று பழங்கார் விரும்பிகள் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் செய்யும் கிரீஸ் அடித்தலும் பிரேக் இறுக்கலும் அன்று கார் வைத்திருப்பதற்கான நிபந்தனையாகவே இருந்தன.

அம்பாசடருக்கு மூலமான மாரிசின் கையேட்டு மரபு, ஒரு குறிப்பிட்ட மனிதனை மனத்தில் கொண்டு உருவானது. அவன் சிறிய வீடும் அதையொட்டிய கொட்டகையும் உடைய ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தான். வண்டியைத் தானே ஓட்டுவான், வார இறுதியில் தானே அதன் அடியில் படுப்பான். இத்தனை மைலுக்கு ஒருமுறை இந்த நிப்பிளில் கிரீஸ், இத்தனை மைலுக்கு ஒருமுறை அந்தக் குப்பியில் திரவம் என்று அவனைப் பார்த்தே கையேடு பேசும். அந்த ‘நீங்கள்’ இந்தியாவில் வந்து இரண்டு பேராகப் பிளந்தார். கையேட்டை வாசிக்கத் தெரிந்த உரிமையாளர் வண்டியின் அடியில் படுக்கவில்லை. அடியில் படுத்த டிரைவருக்கும் மிஸ்திரிக்கும் பெரும்பாலும் ஆங்கிலக் கையேடு எட்டவில்லை. வீட்டுப் பராமரிப்பு நடந்த இடமும் பங்களாவின் போர்ட்டிகோவாகவோ, தெருமுனையின் வேப்பமர நிழலாகவோ மாறியது. எழுத்து ஒருவரிடம், கை இன்னொருவரிடம். இடையில் இருந்த பாலம் வாய்ச்சொல் மட்டுமே. ஆகவே இந்த அறிவின் வரலாற்றைத் தேடுபவருக்கு ஆவணக் காப்பகத்தைவிடப் பட்டறைச் சொற்களே அதிகம் உதவும்.

அச்சொற்களில் கடல் கடந்து வந்தவை பல. மிஸ்திரி என்பது போர்த்துக்கீசிய ‘மெஸ்த்ரே’யின் வழித்தோன்றல். அதே சொல் தமிழில் மேஸ்திரியாகிக் கட்டட வேலையோடு தங்கிவிட்டது, வடக்கிலும் வங்கத்திலும் கார் பட்டறைக்குள்ளும் புகுந்தது. திருப்புளிக்கு இந்தியில் வழங்கும் ‘பேச்கஸ்’ பாரசீகக் கூட்டுச்சொல். திருகை இழுப்பது என்று பொருள். நம் கலைச்சொல் ஆர்வலர்கள் சிலர் ஸ்டியரிங்குக்குப் பரிந்துரைக்கும் சுக்கானும் தூய தமிழன்று. அரபு மாலுமிகள் விட்டுச்சென்ற சொல் அது. (இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனால் ஆங்கிலத்தின் ஸ்டியரிங்கும் கப்பலிலிருந்து இறங்கி வந்ததுதான். காரைத் திருப்புவதற்குப் பெயர் வைக்க எல்லா மொழிகளும் கடலுக்கே போயிருக்கின்றன.)

ஸ்பேனர்களுக்கு வேறொரு வரலாறு உண்டு. மாரிஸ் வழி வந்த அம்பாசடரின் நட்டுகள் அங்குல அளவு, இத்தாலிய ஃபியட்டின் நட்டுகள் மில்லிமீட்டர் அளவு. எனவே ஒரு பட்டறைக்கு இரண்டு செட் ஸ்பேனர் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு இன்ஜினோடு அம்பாசடர் 1800 வந்தபோது ஒரே வண்டிக்குள் இரண்டு அளவைகளும் குடியேறின. மேலே மில்லிமீட்டர், கீழே அங்குலம். அருகிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரை அங்குல நட்டின்மேல் மாட்டி இறுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். பிரேக் குழாயின் சிறிய நட்டில் அப்படி ஒருமுறை செய்தால் போதும், குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல அங்குல ஸ்பேனர் செட்.

ஸ்டியரிங்கைப் பொறுத்தவரை அம்பாசடர் தன் காலத்துக்கு முற்போக்கான வண்டி. மாரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசின் வழியைப் பின்பற்றி, பல்வரிசைத் தண்டும் சிறு பற்சக்கரமும் கொண்ட ரேக் ஸ்டியரிங் அதில் இருந்தது. ஃபியட் 1100-இலோ புழுத்திருகு வகைப் பெட்டி. பெட்டியில் தேய்மானம் ஏறினால் சக்கரத்தைச் சிறிது ஆட்டினாலும் வண்டிக்குச் செய்தி போகாது, அதைப் பட்டறைக்காரர் ‘ப்ளே இருக்கு’ என்பார். ரேக்கில் அந்த நோய் குறைவு. ஆனால் அம்பாசடரின் ஸ்டியரிங் நோய்கள் பெரும்பாலும் ரேக்கில் தொடங்குவதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு திரும்பும் கிங் பின்னிலும், அதன் மேலும் கீழும் உள்ள மூட்டுகளிலும், டை ராட் முனைகளிலும் தொடங்கும். அந்த மூட்டுகளுக்கு ஒரே உணவு கிரீஸ். அக்காலக் கையேடுகள் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில மூட்டுகளுக்கு அதற்கும் முன்பே கிரீஸ் கேட்டன. இன்றைய கார்களில் ஆயுள் முழுவதற்கும் மூடி முத்திரையிட்ட மூட்டுகள் இருப்பதால் நமக்கு இது வியப்பாக இருக்கும். கிரீஸ் இல்லாத மூட்டில் உலோகம் உலோகத்தைத் தின்னும். பிறகு ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது, மூட்டு விட்டுப்போய் முன்சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து வண்டி ஒரு தோளில் சாய்ந்துவிடும். சாலையோரத்தில் அப்படி மண்டியிட்டு நிற்கும் அம்பாசடரை முந்தைய தலைமுறை பலமுறை பார்த்திருக்கிறது. அது வேகத்தில் நடந்திருந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை வீட்டிலேயே கண்டறியலாம், கருவியும் வேண்டாம். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இறக்க வேண்டும். செங்கல்லை அடுக்குவது நம் நாட்டில் பரவலான பழக்கம், அது எந்த நொடியும் நொறுங்கும். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அது கிங் பின்னாகவும் இருக்கலாம், சக்கர பேரிங்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய மிஸ்திரிகள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒருவரை உட்காரவைத்துப் பிரேக்கை அழுத்தச் சொல்வார்கள். பிரேக் பிடித்ததும் டிரம்மும் அச்சும் ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் நோய் பேரிங்கில், மறையாவிட்டால் கிங் பின்னில். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது தட்டினால் டை ராட் முனையைப் பார்க்க வேண்டும். பரிசோதனை வீட்டு வேலை. கிரீஸ் அடிப்பதும் வீட்டு வேலை, புதிய கிரீஸ் பழைய கறுப்பைத் தள்ளிக்கொண்டு ஓரத்தில் வெளிவரும் வரை அடிக்க வேண்டும். கிங் பின்னை மாற்றுவதும் சக்கரக் கோணம் சரிசெய்வதும் பட்டறைக்கே உரியவை.

ரேக்கில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. அக்கால மாரிஸ் வண்டிகளின் ரேக்குக்குக் கியர் ஆயில் விட வேண்டும். பார்வைக்குக் கிரீஸ் நிப்பிள் போலவே இருப்பதால் எல்லா நிப்பிள்களுக்கும் போல இதற்கும் கிரீஸ் துப்பாக்கியை நீட்டிவிடுவார்கள். கெட்டிக் கிரீஸ் தண்டின் ஒரு மூலையில் ஒதுங்கி உறைந்துவிடும், பற்கள் காய்ந்து தேயும், ஸ்டியரிங் கனக்கும். இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறை கிழிந்தால் ஆயில் ஒழுகித் தூசி புகும். உறையின் விலை அற்பம், அது காப்பாற்றும் ரேக் இன்று எளிதில் கிடைக்காதது. ஆயில் போக வேண்டிய இடத்தில் கிரீஸ் போனது இங்கே. ஆயில் போகக் கூடாத இடத்துக்கு ஆயில் என்றே பெயர் வைத்தது, பிரேக்கின் கதை.

திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்கு வழி திறந்தவர் மால்கம் லாக்ஹீட். விமானம் செய்த அதே குடும்பம்தான். அக்குடும்பப் பெயரின் பழைய எழுத்துக்கூட்டலைப் பார்த்த அமெரிக்கர்கள் ‘லாக்-ஹெட்’ என்று மரமண்டை தொனிக்க வாசித்ததால் எழுத்தையே ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள் என்பது மொழியியல் மாணவர்களுக்குப் பிடித்த செய்தி. 1921-இன் டியூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் வந்தது. 1924-இல் கிரைஸ்லர் அதைப் பரவலாக்கியது. சிலிண்டருக்குள் கசிவைத் தடுத்த தோல் வாஷர்களை நீக்கி ரப்பர் கிண்ணங்களை வைத்தவர்களும் கிரைஸ்லரின் பொறியாளர்களே. அந்த ரப்பர் வந்ததும் திரவத்துக்கு ஒரு கட்டுப்பாடு பிறந்தது. உள்ளே ஓடும் திரவம் இயற்கை ரப்பரைக் கெடுக்கக் கூடாது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் தாது எண்ணெய்கள் எல்லாம் ரப்பரை ஊறவைத்து வீங்கச் செய்பவை. கெடுக்காத எண்ணெயாகக் கிடைத்தது ஆமணக்கு எண்ணெய். ஆல்கஹாலோடு கலந்த ஆமணக்கு எண்ணெய்தான் தொடக்ககாலப் பிரேக்குகளில் நீண்ட நாள் ஓடியது. நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு வயிறு கழியக் கொடுத்த அதே எண்ணெய்.

ஆகவே ‘பிரேக் ஆயில்’ என்று அன்று சொன்னவர் பிழையாகச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே ஓர் ஆயில். இரண்டாம் உலகப் போரையொட்டிய காலத்தில் ஆமணக்கின் இடத்தைக் கிளைக்கால் ஈத்தர் வகைத் திரவங்கள் பிடித்தன. இவை நீரோடு கலக்கும், எண்ணெயோடு கலக்கா. ஆங்கிலத் தொழில்நுட்ப நூல்கள் ‘பிரேக் ஃப்ளூயிட்’ என்ற பெயரில் நிலைத்தன. நம் பட்டறைகளில் தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம் என்ற வேறுபாடில்லாமல் ‘பிரேக் ஆயில்’ நிலைத்தது. பொருள் மாறிய பிறகும் பெயர் மாறாமல் நிற்பது மொழியில் அன்றாட நிகழ்ச்சி. எள்ளிலிருந்து வந்ததையே குறித்த எண்ணெய், இன்று தேங்காய்க்கும் மண்ணுக்கும்கூடப் பொதுவாகிவிட்டது, யாருக்கும் நட்டமில்லை. பிரேக்கில் மட்டும் நட்டம் உண்டு. ஆயில் என்று பெயர் இருப்பதால், குப்பி காலியானபோது கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றும் துணிவு வருகிறது. ஆயிலோடு ஆயில் சேர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்பது இயல்பான எண்ணம்தானே. சில நாள்களில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிண்ணங்கள் உப்பி, திரவம் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், டிரம் சூடேறும். அல்லது கிண்ணம் கிழிந்து பெடல் தரைக்குப் போகும். இதற்குக் கழுவுதல் மருந்தாகாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் என வண்டியில் பிரேக் சார்ந்த ரப்பர் அனைத்தையும் மாற்ற வேண்டும்.

கொல்கத்தாவின் மல்லிக் பஜார், டெல்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை ஆகியவை பழைய வண்டிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகள். மல்லிக் பஜாரில் ஒரு வயதான மிஸ்திரியிடம், ‘தாதா, குப்பியில் இருப்பது சரியான திரவமா என்று எப்படி அறிவீர்கள்?’ என்று கேட்டேன். தேநீர்க் குவளையில் தண்ணீர் எடுத்து, குப்பியிலிருந்து சில துளிகளை அதில் விட்டுக் காட்டினார். அது தண்ணீரோடு கரைந்து காணாமற்போனது. ‘கரைந்தால் வண்டியை எடு, மிதந்தால் எடுக்காதே’ என்றார். கிளைக்கால் நீரில் கரையும், தாது எண்ணெய் மிதக்கும். வேதியியல் பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு குவளையில் முடித்துவிட்டார். அவரும் அதைப் ‘பிரேக் ஆயில்’ என்றே குறிப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லின் பிழையைத் திருத்தாமல், சொல்லுக்கு வெளியே ஒரு சோதனையை வைத்து அந்த மரபு தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சோதனையைக் கற்காமல் சொல்லை மட்டும் கற்ற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் ஆபத்து.

நீரோடு கலக்கும் இந்தக் குணமே கிளைக்காலின் குறையும் ஆகும். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலைக்கு அந்த வரம்பு 140 பாகையாக இறங்கிவிடுகிறது. டாட் 4-இல் இவை 230, 155. டார்ஜிலிங்கிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம்மின் சூடு சிலிண்டருக்கு ஏறி, பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தலாம், ஆனால் அது அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் வெறுமையாக உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் தலைமுறையாகச் சொல்லிவருவது இதற்காகத்தான். ஈரம் செய்யும் இரண்டாம் கேடு துரு. மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் வீல் சிலிண்டரின் உட்சுவரில் துருப்புள்ளி விழுந்து ரப்பரை அறுக்கும். நிறம் எப்படியிருந்தாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவம் முழுவதையும் மாற்றுங்கள். குறைந்ததை நிரப்பிக்கொண்டே போவது பராமரிப்பு ஆகாது, கசிவை மறைப்பதாகும். எண்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது: டாட் 5 என்பது சிலிக்கோன், கிளைக்காலோடு சேராது, டாட் 5.1 கிளைக்கால் இனம். எண் பெரிதாக இருப்பதால் மேலானது என்று எண்ணி டாட் 5-ஐப் பழைய திரவத்தோடு கலந்துவிடக் கூடாது.

இனி நான்கு சக்கரங்களிலும் டிரம் உள்ள பழைய அம்பாசடரின் அன்றாட வேலை. பிரேக் ஷூ தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், பெடல் கீழே இறங்கும். சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைத் திருகி, ஷூ டிரம்மைக் கவ்வும் வரை இறுக்கி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். நான்கிலும் சமமாகச் செய்யாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், இழுப்பதை ஸ்டியரிங்கின் குற்றமாக எண்ணி அங்கே பணம் செலவழிப்போம். பெடல் ஸ்பாஞ்ச் போல அழுந்தினால் குழாயில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் கிண்ணம் தேய்ந்துவிட்டது. இரண்டு நோய்களையும் பாதமே சொல்லிவிடும். காற்றை வெளியேற்றும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ப்ளீடிங்’, அதாவது குருதி வடித்தல். தமிழ்ப் பட்டறையில் ‘ஏர் எடுக்கிறது’, இந்தியில் ‘ஹவா நிகால்னா’. ஒரே செயல்தான். ஆங்கிலம் வெளியே வருகிற திரவத்தைப் பார்த்தது, நாம் வெளியேற வேண்டிய காற்றைப் பார்த்தோம். இந்த ஓரிடத்தில் நம் சொல்லே செம்மையானது என்பேன். வேலை எப்போது முடிந்தது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னுள்ள நிப்பிளைத் திறந்து மூட, கண்ணாடிப் புட்டியில் மூழ்கிய குழாயில் குமிழி வருவது நிற்கும் வரை செய்ய வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது மரபு. இடையில் குப்பி வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. வடித்த திரவத்தை மறுபடி ஊற்றக் கூடாது. அது பெயின்ட்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே குவிந்திருக்கும் சாம்பல்நிறத் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்த இழைத்தூள் நுரையீரலில் புகுந்தால் வெளியேறுவதில்லை, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வரலாம். நம் பட்டறைகளில் டிரம்மைத் தரையில் தட்டுவார்கள், வாயால் ஊதுவார்கள், பிற்காலத்தில் காற்றுக் குழாயால் பீய்ச்சினார்கள். இந்த வேலை வழக்கமாகப் பட்டறைச் சிறுவனுடையது. உரிமையாளரும் மிஸ்திரியும் பேசிக்கொண்டிருக்க, தூளைத் தட்டியவன் பன்னிரண்டு வயதுப் பையன். அம்பாசடரின் இரங்கல் கட்டுரைகள் எதிலும் அவன் இல்லை. இன்று ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்குகள் கிடைக்கின்றன. ஆனால் நாற்பதாண்டு வண்டியில் இருப்பது எதுவென்று கண்ணால் அறிய முடியாது. ஈரத் துணியால் துடைத்துப் பையிலிட்டுக் கட்டுங்கள், ஊதாதீர்கள்.

இந்தப் பாகங்களில் தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா 1962-இல் சென்னை பாடியில் பிறந்தது. ஸ்டியரிங் இணைப்புகளையும் பிரேக் லைனிங்கையும் 1960-களிலிருந்து ரானே குழுமம் செய்யத் தொடங்கியது. உத்தர்பாரா வண்டி மூடப்பட்ட பிறகும் அதற்கான ரப்பர் கிட்டுகள் சந்தையில் தீர்ந்துபோகாமல் இருப்பதற்கு இந்தப் பாக உற்பத்தி மரபும் ஒரு காரணம். போலிகளும் அதே அளவில் இருக்கின்றன. பிரேக் கிட் வாங்கும்போது மட்டும் விலை பேசாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

முற்கால அம்பாசடர்களின் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். நான்கு சக்கரங்களில் எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கும் போகும். மிச்சம் கேபிளால் பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக் மட்டுமே. அதனால் பழைய வண்டியில் கைப்பிரேக் என்பது நிறுத்திவைக்கும் கருவி மட்டுமல்ல, கடைசி உயிர்க்கயிறு. பிற்கால மாதிரிகளில் முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்தது. பழைய வண்டியிலும் அதை மாற்றிப் பொருத்தலாமா என்ற கேள்வி உரிமையாளர்களிடையே ஓயாத வழக்கு. தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுவதானால் மாற்றுவது நல்லது என்பேன். அன்று அதே சாலையில் எதிரே வந்த வண்டிகளும் இதே டிரம்மோடுதான் வந்தன. இன்று முன்னால் போகும் கார் பாதித் தூரத்தில் நின்றுவிடுகிறது.

மாற்ற விரும்பாதவர்களுக்கு 2021 ஜூலையில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வழி திறந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளைத் தனி எண் வரிசையில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கும், அவற்றுக்கு முன்னான பராமரிப்புக்கும் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. வரலாற்றுப் பொருளைக் காக்கும் நோக்கில் இது நல்ல விதி. பிரேக்குக்கு மட்டும் இது ஒத்துவராது. ஓடாமல் நிற்கும் வண்டியில் வீல் சிலிண்டரின் பிஸ்டன் ஓரிடத்திலேயே துருவால் ஒட்டிக்கொள்ளும், ரப்பரின் விளிம்பு ஒரே வடிவில் இறுகும், மழைக்காலம் முழுதும் கைப்பிரேக் போட்டே நிறுத்தினால் ஷூ டிரம்மோடு பற்றிக்கொள்ளும். ஆகவே கொட்டகையில் நிற்கும் வண்டிக்குக் கைப்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். மாதம் ஒருமுறை பெடலை இருபது முப்பது தடவை அழுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, இடமிருந்தால் வளாகத்துக்குள்ளேயே நாலு அடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பேரணிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஒரு குவளைத் தண்ணீரில் குப்பியிலிருந்து சில துளி விட்டுப் பாருங்கள்.